எல்லைப்பக்கத்துக் காதுகளுக்கு: இந்தியாவின் ஆரம்பகால ஜாஸைக் கேட்கத் தொடங்குவது எப்படி

நகரி, புத்தூர், சித்தூர், திருத்தணி என்று இந்த ஆந்திர எல்லைப் பக்கத்தில் கல்யாணம் என்றால் பேண்டு செட் உண்டு. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் நமக்குச் சின்ன வயசிலிருந்தே பழகின சத்தம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் தமிழ்ப் பாட்டு ஒன்று, தெலுங்குப் பாட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி ஊதுவார்கள். யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அதே வாத்தியங்களை வைத்து வாசிக்கிற ஜாஸ் என்றால் மட்டும், "அது பெரிய ஹோட்டல் சமாச்சாரம், நமக்குப் புரியாது" என்று ஒதுங்கிவிடுகிறோம்.

அப்படி ஒதுங்கி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜாஸ் பிறந்தது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், கறுப்பின மக்களிடையே. அங்கிருந்து கப்பலிலும் இசைத்தட்டிலும் ஏறி கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்தது. கோவாக்காரர்கள், ஆங்கிலோ-இந்தியர்கள், பார்சிகள் கையில் பழகியது. கடைசியில் சினிமா வழியாக நம் வீட்டு ரேடியோவுக்குள் நுழைந்தது. அதாவது பாதி வழியை நீங்கள் ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள். எனவே வரலாற்றை முதலிலிருந்து படிக்க உட்காராதீர்கள். தெரிந்த பாட்டில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். போகிற வழியெல்லாம், பாடியவர் பெயரோடும் இசையமைப்பாளர் பெயரோடும் நின்றுவிடாமல், ஊதியவர் யார் என்று கேட்டுக்கொண்டே போங்கள். இந்தியாவில் ஜாஸை நிலைநிறுத்தியவர்கள் சம்பளத்துக்கும் தினக்கூலிக்கும் வாசித்த கலைஞர்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்தத் தட்டிலும் அச்சாகவில்லை.

தேவையானவை

ஒரு ஹெட்போன், ஒரு நோட்டு, அவ்வளவுதான். போன் ஸ்பீக்கர் போதாது. அதில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் கீழ்ச் சத்தம் காதில் விழாது. பேஸ் விழவில்லை என்றால் ஜாஸின் நடை பிடிபடாது. இன்னொரு விஷயம்: பழைய தட்டுகளில் பொரிகிற இரைச்சல் இருக்கும். 1925-க்கு முன்பு மைக் இல்லாமல், ஒரு பெரிய புனல் முன்னால் எல்லோரும் நின்று வாசித்துத்தான் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகுதான் மின்சாரப் பதிவு வந்தது. இரைச்சலுக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பொறுத்தால் காது தானாகவே அதை ஒதுக்கிவிடும்.

முதல் படி: எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புத்தூரில் ஒரு பேண்டு மாஸ்டரிடம் ஸ்விங் என்றால் என்ன என்று கேட்டேன். வாயால் விளக்காமல் சாக்ஸபோனை எடுத்தார். அதன் கழுத்தில் இருக்க வேண்டிய தக்கை எப்போதோ தேய்ந்து போயிருந்தது. அந்த இடத்தில் விசைத்தறி நூலை இறுக்கமாகச் சுற்றியிருந்தார். ரீடை நாக்கில் வைத்து நனைத்து, பிடியில் பொருத்தித் திருகினார். 'பார்த்த ஞாபகம் இல்லையோ' பல்லவியை முதலில் நேராக, எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அளவு கொடுத்து ஊதினார். "இது பள்ளிக்கூடத்து டிரில்லு" என்றார். அதே வரியை மறுபடி ஊதினார். இந்த முறை ஒவ்வொரு தாளத் தட்டின் முதல் பாதி கொஞ்சம் நீண்டது. இரண்டாவது பாதி பின்தங்கி வந்து அடுத்த தட்டில் போய் விழுந்தது. சுருதியும் வேகமும் மாறவில்லை. ஆனால் கேட்டவர்கள் எல்லோருக்கும் தோள் ஆடியது. அதுதான் ஸ்விங்.

இதை நீங்களே பழகலாம். நான்கு எண்ணுகிற பாட்டில் நாம் வழக்கமாக ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவோம். ஜாஸ் கேட்கும்போது இரண்டிலும் நான்கிலும் விரலைச் சொடுக்குங்கள். முதலில் வழுக்கும். அப்புறம் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது, மனோதர்மம், அதாவது வாசிக்கும்போதே கற்பனையாகச் சேர்ப்பது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிது. வித்வான் கீர்த்தனையின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு கற்பனை ஸ்வரம் பாடுகிறார். எத்தனை தூரம் போனாலும் அந்த வரியின் எடுப்புக்கு வந்து சேர்கிறார். அந்தக் கணக்கின் சுகத்தை நம் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பாட்டைக் கேட்டவர்கள் அறிவார்கள். ஜாஸிலும் ஒரு பாட்டின் உருவம் சுற்றிச் சுற்றி வரும். வாசிப்பவர் அதன் மேல் புதிதாகச் சொல்லிக்கொண்டே போவார். வித்தியாசம் ஒன்று உண்டு. நம் இசை ஒரே ஆதார ஸ்ருதியில் நிற்கிறது. ஜாஸில் அடியிலிருக்கும் சேர்ந்திசை, அதாவது பியானோவும் கிட்டாரும் சேர்த்து அடிக்கும் ஸ்வரக் கூட்டம், சில மாத்திரைகளுக்கு ஒரு முறை மாறும். கறுப்பின மக்களின் ப்ளூஸ் என்ற பாட்டு வகை என்றால் அந்தச் சுற்றுக்குப் பெரும்பாலும் 12 பார். அந்தக் காலத்து நடனப் பாட்டுகளில் பல 32 பார். பார் என்பது நான்கு எண்ணும் ஓர் அளவு. கையில் எண்ணிக்கொண்டே கேட்டால் சுற்று எங்கே முடிந்து திரும்புகிறது என்று தெரிந்துவிடும்.

ஆரம்பகாலத் தட்டுகளில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம்தான். அதனால் ஒருவருக்குத் தனியாக வாசிக்கக் கிடைப்பது பெரும்பாலும் 8 பாரோ 16 பாரோ. அதற்குள் தன் முகத்தைக் காட்டியாக வேண்டும். அந்தச் சின்ன இடைவெளிகளை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: 1964-ஆம் ஆண்டுத் தமிழ்ப் படங்கள்

விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த 1964-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்குங்கள். 'சர்வர் சுந்தரம்' படத்தின் 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாட்டைக் காணொளியாகவே பாருங்கள். பாட்டுப் பதிவு நடக்கும் இடமே திரையில் வருகிறது, எம்.எஸ்.வி.யும் டி.எம்.எஸ்.ஸும் வாத்தியக்காரர்களும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார்கள். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். யார் கையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே, ஒரு சினிமாப் பாட்டுக்குப் பின்னால் எத்தனை பேரின் மூச்சு இருக்கிறது என்பது புரியும்.

அப்புறம் 'புதிய பறவை'யில் பி.சுசீலா பாடிய 'பார்த்த ஞாபகம் இல்லையோ'. அதே ஆண்டு வந்த 'கலைக்கோவில்' படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரியின் 'வரவேண்டும் ஒரு பொழுது'. இவற்றை முழு ஜாஸ் என்று சொல்ல மாட்டேன். லத்தீன் அமெரிக்கத் தாளம் இருக்கிறது, நம் ராகச் சாயை இருக்கிறது, கிளப் காட்சியின் தேவை இருக்கிறது. ஆனால் பாடுபவர் வரியை முடித்து மூச்சு விடுகிற இடத்தில் வாத்தியங்கள் என்ன செய்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். குரல் கேட்க, வாத்தியம் பதில் சொல்கிற அந்தப் பழக்கம் கறுப்பின மக்களின் வழிபாட்டுப் பாடல்களிலிருந்தும் உழைப்புப் பாடல்களிலிருந்தும் ஜாஸுக்கு வந்தது. மெட்ராஸ் ஸ்டுடியோவுக்கு அது எந்த வழியாக வந்தது என்று பார்க்க, பம்பாய்க்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: பம்பாய் ஸ்டுடியோவும் கோவாக்காரர்களும்

இந்திப் படம் 'அல்பேலா' 1951-இல் வந்தது. இசை சி.ராமச்சந்திரா. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துக்கு இசையமைத்த அதே ராமச்சந்திராதான், ஆகவே நமக்கு அவர் புதியவரல்ல. 'ஷோலா ஜோ பட்கே' பாட்டைக் கேளுங்கள். அப்புறம் படத்தைத் தேடிப் பாருங்கள். டிரம்பெட்காரர் சிக் சாக்லேட் தன் குழுவோடு திரையிலேயே வருகிறார். அவருடைய சொந்தப் பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். கோவாவின் அல்டோனா ஊரில் 1916-இல் பிறந்தவர். அமெரிக்க டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கை மனதில் வைத்து, இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்று அவரைச் சொல்வார்கள். ராமச்சந்திராவின் 'ஈனா மீனா டீக்கா' வந்த 'ஆஷா' (1957) படத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதை இயக்கியவர் நம் எம்.வி.ராமன்.

கோவாக்காரர்கள் எப்படி இந்த இடத்துக்கு வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கோவா 1961 வரை போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்தது. தேவாலயப் பங்குப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கவும் வயலின் வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரில் பிழைப்பு குறைவு. அதனால் பம்பாய்க்கு வந்து, ஊமைப்படக் கொட்டகைகளில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தார்கள். 1931-இல் 'ஆலம் ஆரா'வோடு பேசும் படம் வந்தது. கொட்டகை வாசிப்பு போயிற்று. ஹோட்டல் நடன மண்டபங்கள் இருந்தன, அங்கே போனார்கள். பிறகு ஹோட்டல் வேலை சுருங்கியதும் சினிமா ஸ்டுடியோவுக்குள் வந்தார்கள். வேலை எங்கே இருந்ததோ அங்கே போன இவர்கள், போகிற இடத்துக்கெல்லாம் தங்கள் இசையையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஸ்டுடியோவில் இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார். அதைக் குறிப்பாக எழுதி, எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், அடியில் எந்தச் சேர்ந்திசை ஓட வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது அரேஞ்சரின் வேலை. செபாஸ்டியன் டிசூசா, அந்தோணி கொன்சால்வஸ், ஃபிராங்க் ஃபெர்னாண்ட், சிக் சாக்லேட் எல்லோரும் அந்த வேலையைச் செய்தவர்கள். படத்தின் டைட்டிலில் பெரிய எழுத்தில் வந்தது இசையமைப்பாளர் பெயர்தான். கொன்சால்வஸின் மாணவர்களில் ஒருவர், லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் இரட்டை இசையமைப்பாளர்களில் ஒருவரான பியாரேலால். குருவின் பெயர் 1977-இல் 'அமர் அக்பர் அந்தோணி' பாட்டு ஒன்றில் வந்த பிறகுதான் நாடு முழுக்கத் தெரிந்தது. அதுகூட அமிதாப் பாத்திரத்தின் பெயராகத்தான். எனக்கு இது இன்னும் ஆறாத விஷயம்.

நான்காம் படி: தாஜ் ஹோட்டல், 1935 முதல்

இங்கே நிறைய நேரம் செலவழியுங்கள்.

1935 கடைசியில் லியோன் ஆபி என்ற வயலின்காரர், கறுப்பினக் கலைஞர்கள் மட்டுமே இருந்த ஒரு குழுவைப் பம்பாய்க்கு அழைத்து வந்தார். அவர்கள் தாஜ் ஹோட்டலில் வாசித்தார்கள். இதற்கு முன்பே நம் ஊர் நடனக் குழுக்கள் ஜாஸ் பாணியில் வாசித்துக்கொண்டிருந்தன; கென் மாக்கின் குழு அவற்றில் பெயர் பெற்றது. ஆனால் தட்டிலிருந்து கேட்டுக் கற்றுக்கொள்வது வேறு, அந்த இசையில் வளர்ந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது வேறு. டிரம்பெட்டில் உதட்டை எப்படி வைப்பது, ஸ்வரத்தை எங்கே வளைப்பது என்பதெல்லாம் எந்த இசைக்குறிப்பிலும் இல்லை. பம்பாயின் இளம் கோவாக் கலைஞர்களுக்கு அந்த அடுத்த நாற்காலி கிடைத்தது.

ஆபிக்குப் பிறகு கிரிக்கெட் ஸ்மித். இவர் டிரம்பெட் போன்ற கார்னெட் என்ற வாத்தியத்தை ஊதும் கலைஞர். 1913-லேயே நியூயார்க்கில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் குழுவோடு தட்டுக்கு வாசித்தவர். அதாவது, 1917 பிப்ரவரியில் பதிவான முதல் ஜாஸ் தட்டுக்கும் முன்பிருந்தே தொழிலில் இருந்தவர். அவருடைய குழு 1936-இல் பம்பாயில் பதிவு செய்த 'தாஜ்மகால்' என்ற ஃபாக்ஸ்ட்ராட் நடனப் பாட்டை இணையத்தில் தேடிக் கேளுங்கள். அதை எழுதியவர் பம்பாயில் வாழ்ந்த பாக்தாதி யூதரான மேனா சைலஸ். ஒரு அமெரிக்கக் கறுப்பினக் குழு, ஒரு பம்பாய் யூதரின் பாட்டு, இந்திய ஹோட்டல்: மூன்று நிமிஷத்தில் அந்தக் காலம் முழுக்க அடங்கியிருக்கிறது. பம்பாய் ஜாஸைப் பற்றி விரிவாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, இந்தப் பாட்டின் பெயரையே தலைப்பாக வைத்து நரேஷ் ஃபெர்னாண்டஸ் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் (2012) இருக்கிறது. அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

இப்போது டெடி வெதர்ஃபோர்ட். இந்தக் கதையில் ஒரே ஒருவரைத்தான் உங்களுக்குச் சொல்ல முடியும் என்றால் இவரைத்தான் சொல்வேன். 1903-இல் வர்ஜீனியாவில் பிறந்த பியானோக்காரர். சிக்காகோவில் எர்ஸ்கின் டேட்டின் குழுவில் இருந்தார். 1926 மே மாதம் அந்தக் குழு பதிவு செய்த 'ஸ்டாம்ப் ஆஃப், லெட்ஸ் கோ' தட்டைக் கேளுங்கள். டிரம்பெட் லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோ வெதர்ஃபோர்ட். அந்தப் பியானோ எவ்வளவு துணிச்சலாகத் துள்ளுகிறது என்று பாருங்கள். அதே ஆண்டு அவர் ஆசியாவுக்குக் கப்பல் ஏறினார். ஷாங்காயில் பல வருஷம், பிறகு பம்பாய் தாஜ், 1937-இல் பாரிஸில் தனிப் பியானோப் பதிவுகள், பிறகு கொழும்பு, கல்கத்தா. ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் உலகமெங்கும் பரவிய அதே காலத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் நம் நாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

பாரிஸ் பதிவுகளில் 'டீ ஃபார் டூ'வைக் கேட்டுவிட்டு 1926 தட்டுக்குத் திரும்புங்கள். இடது கை செய்கிற வேலையை மட்டும் தொடருங்கள். கீழே ஒரு தனி ஸ்வரம், மேலே ஒரு சேர்ந்திசை, மறுபடி கீழே என்று அது தாவிக்கொண்டே இருக்கும். வலது கை அதன் மேல் சுதந்திரமாகப் பேசும்.

அதே குழுக்களில் இருந்த ரூடி ஜாக்சனையும் மறக்க வேண்டாம். 1927-இல் அமெரிக்க ஜாஸ் குழுத்தலைவர் டியூக் எலிங்டனின் குழு பதிவு செய்த 'கிரியோல் லவ் கால்' தட்டில் கிளாரினெட் வாசித்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு ஆபியோடு இந்தியா வந்தவர் இங்கேயே நெடுங்காலம் தங்கிவிட்டார்.

சொந்த நாட்டின் தென் மாநிலங்களில் இவர்கள் வெள்ளையர் ஹோட்டலில் அறை எடுக்க முடியாது. பம்பாயில் நட்சத்திரங்களாக மதிக்கப்பட்டார்கள். ஆனால் அந்த இந்தியாவும் அடிமை நாடு. இந்தியர்களை உள்ளே விடாத கிளப்புகள் இருந்த காலம். இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தட்டுகளைக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கல்கத்தா

1926-இல் கல்கத்தாவில், கிராண்ட் ஹோட்டல் குழுத்தலைவரான ஜிம்மி லெக்கீம் என்ற கனடாக்காரர் 'சோஹோ ப்ளூஸ்' தட்டைப் பதிவு செய்தார். இந்தியாவில் பதிவான ஜாஸ் தட்டுகளில் மிகப் பழையது என்று பொதுவாக இதைத்தான் காட்டுகிறார்கள். கேட்க வேண்டியது, ஆனால் இதோடு தொடங்கினால் ஏமாற்றமாக இருக்கும். கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்கத்தாவின் உச்சம் இரண்டாம் உலகப்போர்க் காலம். அமெரிக்கச் சிப்பாய்கள் நகரத்தில் நிறைந்திருந்தார்கள். வெதர்ஃபோர்டின் குழு கிராண்ட் ஹோட்டலில். அந்தக் குழுவில் பல தேசத்தவர் இருந்தார்கள். லூயி பேங்க்ஸ் என்று நாம் இன்று அறிகிற பியானோக் கலைஞரின் அப்பா, நேபாளத்து டிரம்பெட்காரர் ஜார்ஜ் பேங்க்ஸ் அதில் வாசித்தவர். ரங்கூனில் குண்டு விழுந்ததும் தப்பி வந்த கலைஞர்களும் கல்கத்தாவில் சேர்ந்தார்கள்: கிளாரினெட்காரர் ரூபன் சாலமன், கிட்டார்காரர் செட்ரிக் வெஸ்ட். பர்மாவிலிருந்து நடந்தே வந்த தாத்தாக்களின் கதை நம் பக்கத்திலும் பல வீடுகளில் உண்டு. அதே அகதிக் கூட்டத்தில் ஒரு கிளாரினெட்டும் வந்திருக்கிறது. வெதர்ஃபோர்ட் 1945 ஏப்ரல் 25 அன்று கல்கத்தாவில் காலரா கண்டு இறந்தார். அப்போது வயது 41.

ஆறாம் படி: ஏன் சுருங்கியது, எப்படித் தொடர்ந்தது

நடனக் குழுவின் சம்பளம் மதுக்கடை வருமானத்தில்தான் நடந்தது. பம்பாயில் 1949 சட்டத்துக்குப் பிறகு மதுவிலக்கு இறுகியதும் ஹோட்டல் வேலைகள் குறைந்தன. நம் மெட்ராஸ் மாகாணத்தில் அது முன்பே தொடங்கிவிட்டது. ராஜாஜி அமைச்சரவை 1937-இல் சேலத்தில் தொடங்கி, 1938-இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு நீட்டித்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது. மதுவிலக்கால் ஏழைக் குடும்பங்களுக்கு நன்மை உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜாஸ் பம்பாய், கல்கத்தா அளவுக்கு மெட்ராஸில் ஏன் வேர் பிடிக்கவில்லை என்று கேட்பவர்கள் இந்தக் காரணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1947-க்குப் பிறகு ஆங்கிலோ-இந்தியர்கள் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது இன்னொரு காரணம்.

அறுந்துவிடாமல் காத்ததில் ரேடியோவுக்குப் பங்கு உண்டு. 1955 முதல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சி சிற்றலையில் உலகமெங்கும் கேட்டது. மின்சாரமும் ஒரு வால்வு ரேடியோவும் இருந்தால் போதும், எந்தச் சிற்றூரிலும் டியூக் எலிங்டன்.

1958-இல் அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு இந்தியாவில் சுற்றியது. மெட்ராஸில் அவருடைய டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவும் நம் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் வானொலி நிலையத்தில் சேர்ந்து வாசித்தார்கள். இடது கை மிருதங்க மேதையும் அமெரிக்க டிரம்ஸ் கலைஞரும் ஒருவர் சொன்னதை மற்றவர் வாங்கித் திருப்பிச் சொல்வது எப்படியிருந்திருக்கும்! 1963-இல் டியூக் எலிங்டனே மெட்ராஸ் உட்படப் பல ஊர்களுக்கு வந்தார். சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் அந்த வாத்தியத்தைக் கேட்டு மயங்கியவர். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹாண்டியோடு மேடை ஏறினார். அவருடைய தட்டு ஏதாவது உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

ஏழாம் படி: நம் பக்கத்தில் தேடுவது

பம்பாய்–மெட்ராஸ் ரயில் பாதை அரக்கோணம், திருத்தணி, ரேணிகுண்டா வழியாகத்தான் போகிறது. அரக்கோணம், ஜோலார்பேட்டை, குண்டக்கல் போன்ற ஜங்ஷன்களில் ஆங்கிலோ-இந்திய ரயில்வே குடும்பங்கள் நிறைய இருந்தன. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனமும் அதற்கு ஒரு வாத்தியக் குழுவும் அவர்கள் வாழ்க்கையில் வழக்கமாக இருந்தவை. அந்தக் குடும்பங்களில் மிச்சமிருக்கும் பெரியவர்களைத் தேடுங்கள். அவர்களை 'ஆன்டி', 'அங்கிள்' என்று கூப்பிடுவதே வழக்கம். பேண்டு செட்டுக்காரர் என்றால் 'மாஸ்டர்'. புத்தூர்ப் பக்கம் தெலுங்கில் பேசுபவர் என்றால் பெயரோடு 'காரு' சேர்த்துக்கொள்ளுங்கள்.

போனதும் 'ஜாஸ்' என்று ஆரம்பிக்காதீர்கள். "உங்க காலத்துல டான்ஸுக்கு யார் வாசிப்பாங்க?" என்று கேளுங்கள். யாருக்குப் பியானோ இருந்தது, டிரம்ஸ் எங்கிருந்து வந்தது, ஒரு ராத்திரிக்கு என்ன கொடுப்பார்கள், மெட்ராஸிலிருந்து குழு வருமா, வந்தால் எந்த வண்டியில் திரும்புவார்கள் என்று கேளுங்கள். சம்பளக் கேள்விக்கு நல்ல பதில்கள் வரும். வாத்தியக்காரர்களுக்குக் கூலி மறக்காது. பழைய போட்டோ எடுத்துக் காட்டினால், அதிலிருப்பவர்களின் பெயரை அப்போதே இடமிருந்து வலமாக எழுதிக்கொள்ளுங்கள். அனுமதி கேட்ட பிறகே போனில் குரலைப் பதிவு செய்யுங்கள்.

பழைய 78 வேகத் தட்டு கிடைத்தால் கவனம். அது அரக்கில் செய்தது, தட்டினால் உடையும். சாராயம் கலந்த திரவம் எதையும் அதில் ஊற்றக் கூடாது, மேற்பரப்பு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால், காடியின், அதாவது ஊசி ஓடும் பள்ளத்தின், போக்கிலேயே துடையுங்கள். நடுவிலிருக்கும் காகித லேபிள் நனையக் கூடாது. படுக்கையாக அடுக்காமல் நிற்கவைத்துச் சேமியுங்கள். பிற்காலத்து எல்.பி. தட்டுக்கான ஊசியில் ஓட்டாதீர்கள்; இந்தக் காடி அகலமானது, இதற்கென்று தனி ஊசி இருக்கிறது. பழைய சாவி கிராமபோனில் ஓட்டினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எஃகு ஊசியை மாற்ற வேண்டும். மழுங்கின ஊசி காடியை அரித்துவிடும்.

லேபிளில் உள்ள எண் ஒன்று. லேபிளுக்கும் காடிக்கும் நடுவே வழவழப்பான இடத்தில் சின்னதாகப் பொறித்திருக்கும் எண் இன்னொன்று. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பொறித்த எண்தான் எந்த நாள், எந்த இடத்தில் பதிவானது என்று கண்டுபிடிக்க உதவும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். லேபிளின் போட்டோவை நேராக, நிழல் விழாமல் எடுங்கள்.

டிஜிட்டலாக மாற்றி இணையத்தில் ஏற்ற நினைத்தால் ஒரு விஷயம். நம் நாட்டில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் தனிக் கணக்கு. அவர்கள் இறந்து 60 வருஷம் ஆக வேண்டும். 1930-களின் ஒலிப்பதிவில் முதல் சிக்கல் இல்லை. இரண்டாவதைப் பார்த்துக்கொண்டு ஏற்றுங்கள்.

பெரியவர்களிடம் எடுத்த குரல் பதிவு எதுவானாலும், தேதி, ஊர், பேசியவர் பெயர், அவர் வாசித்த வாத்தியம் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.